மடியில் கிடத்திய கிடார்

(ஆலயப் பொன்விழா இசை மாலையில், பாடகர் குழுவின் முன்னாள் ஆர்மோனிய வித்துவான் ஆற்றிய உரை)



"நாற்பது வருஷம் இந்தக் கோவிலில் பெட்டி வாசித்தவர் நீங்கள், நம் பாடகர் குழுவின் வரலாற்றை இருபது நிமிடம் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். அந்த வரலாற்றை உபதேசியார் ஏற்கனவே அழகாக எழுதி மலரில் சேர்த்துவிட்டார். அதையே நான் திரும்பச் சொன்னால், சமபந்தி விருந்துக்குக் காத்திருக்கும் உங்களுக்கு அது பெரிய தண்டனையாகிவிடும். ஆகவே, நம் ஊரும் அல்லாத, நம் சபையும் அல்லாத ஒரு கோவில் இசைக்காரரைப் பற்றிப் பேச உத்தரவு கேட்டு வந்திருக்கிறேன். அவரை நான் கண்டதில்லை. இசைத்தட்டில் கேட்டதோடு சரி. அவரைப் பற்றி ஏன் இந்த மேடையில் பேச வேண்டும் என்றால், அதற்குள் என் குற்றம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் வாசித்த வாத்தியத்துக்கு ஸ்டீல் கிடார் என்று பெயர். நம் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் கிடாரைப் போல அல்ல இது. மடியில் குறுக்கே படுக்க வைத்து, இடது கையில் கனமான ஓர் எஃகுத் துண்டைப் பிடித்து, தந்திகளின் மேல் அதை வழுக்கிக்கொண்டே போவார்கள். வலது கை விரல்களில் நகம் மாட்டி மீட்டுவார்கள். கோட்டுவாத்தியக் கச்சேரி கேட்டவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். வீணையைப் போலவே இருக்கும், ஆனால் மெட்டுகள் கிடையாது. கையில் ஓர் உருளைக் கட்டையைப் பிடித்துத் தந்தியின் மேல் தேய்ப்பார்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படி ஏறிப் போகாமல், சறுக்கிக்கொண்டு போகும். மனிதக் குரலும் அப்படித்தானே போகிறது? ஆர்மோனியத்தால் அது முடியாது. கட்டையை அமுக்கினால் அந்தச் சுரம், எடுத்தால் அதுவும் போயிற்று. நாற்பது வருஷம் அதோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

இந்த வாசிப்பு பிறந்த இடம் பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகள். 1880-களின் பிற்பகுதியில், ஓவாஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர், கிடார்த் தந்தியின் மேல் இரும்பைத் தேய்த்து வாசிக்கும் முறையைக் கண்டுபிடித்தார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இதற்கும் முன்பே, இந்தியாவில் பிறந்து அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் இப்படி வாசித்தார் என்று ஒரு கூற்றும் உண்டு. நம் நாட்டுப் பெருமை என்று நான் அதை மேடை போட்டு அடித்துச் சொல்ல மாட்டேன். கெகுகு 1904-இல் அமெரிக்காவின் பெருநிலத்துக்கு வந்தார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அந்த நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. 1930-களின் தொடக்கத்தில் இந்தக் கிடாருக்கு மின்சாரம் ஏற்றினார்கள். உலகில் விற்பனைக்கு வந்த மின்சாரக் கிடார்களில் முதன்மையானது, மடியில் வைத்து வாசிக்கும் இந்த வகைதான். தட்டையாய் வட்டமாய் நீண்ட பிடியோடு இருந்ததால் 'வறுவல் சட்டி' என்றே அதற்குப் பட்டப் பெயர்.

இனி, அது கோவிலுக்குள் வந்த கதை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களிடையே, மேரி மகதலேனா டேட் என்ற பெண்மணி 1903-இல் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அவர் தொடங்கிய சபைக்கு, திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்திலிருந்து எடுத்து, 'உயிருள்ள கடவுளின் சபை, உண்மையின் தூணும் அடித்தளமும்' என்ற நீண்ட பெயர். மக்கள் சுருக்கமாகக் 'கடவுளின் வீடு' என்பார்கள். பெந்தகோஸ்தே மரபைச் சேர்ந்தது. 1908-இல் அலபாமா மாநிலத்தின் கிரீன்வில் ஊரில் அதன் முதல் பொது மாநாடு கூடியது. அந்த அம்மையார் 1930-இல் இறந்த பின், அடுத்த ஆண்டே சபை மூன்று கிளைகளாகப் பிரிந்தது. நம் கதை நடப்பது அவற்றில் ஒன்றான கீத் கிளையில். தலைமையிடம் நாஷ்வில்.

ஏழை மக்கள், சிறு கோவில்கள். பெரிய ஆர்கன் வாங்கப் பணம் ஏது? ஆனால் பாட்டு அவர்களுக்கு மூச்சு. 150-ஆம் சங்கீதத்தில் எக்காளம், யாழ், மத்தளம், தந்திக் கருவி, கைத்தாளம் என்று சங்கீத ஆசிரியர் அடுக்கிக்கொண்டே போகிறாரே, அதை அப்படியே கட்டளையாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். எந்த வாத்தியமும் தீட்டு அல்ல என்பது அவர்கள் நிலை.

ஜார்ஜியாவிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் ஒன்று ஈசன் குடும்பம். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அது அவர்கள் குடும்பப் பெயர், நம் ஊர் ஈசனுக்கும் அதற்கும் உறவில்லை. அந்த வீட்டின் மூத்த மகன்களில் ஒருவர் ட்ரோமன் ஈசன். 1930-களில் ஒரு நாள் வானொலியில் ஹவாய்க்காரர் ஒருவர் வாசித்த ஸ்டீல் கிடாரைக் கேட்டார். மனம் அதிலேயே நின்றுவிட்டது. அந்த ஹவாய்க்காரரைத் தேடிப் பிடித்துப் பாடம் கேட்டார். கற்றதைத் தம் சபையின் வழிபாட்டில் வாசித்தார். பிறருக்கும் கற்றுக்கொடுத்தார்.

அவருடைய தம்பி வில்லி, 1921-இல் பிறந்தவர். அண்ணன் வாசிப்பதைப் பார்த்தும் கேட்டும் வளர்ந்த பையன். அண்ணனுடைய வாசிப்பு ஹவாய் முறையிலேயே இனிமையாக, ஒழுங்காக, சுரக்கூட்டுகளோடு இருக்கும். தம்பிக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. அவன் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது கோவிலில் கிழவிகள் பாடும் பாட்டு. ஒரு சொல்லைப் பிடித்து இழுத்து, நடுங்கி, விம்மி, தொண்டை அடைத்துப் பாடுவார்களே, அந்தப் பாட்டு. அவன் பல தந்திகளையும் விட்டுவிட்டு, பெரும்பாலும் ஒற்றைத் தந்தியிலே அந்தக் குரலை எடுக்கப் பார்த்தான். எஃகுத் துண்டைச் சுரத்துக்குக் கீழே வைத்து மெல்ல ஏற்றினால் கேள்வி கேட்பது போல ஒலிக்கும். ஏறியபின் ஆட்டினால் அழுகை வரும்.

இப்படி ஒரு விசித்திரம் உருவாயிற்று. வில்லி ஒரு வரியைப் பாதி பாடி நிறுத்திவிடுவார். மீதி வரியைக் கிடார் சொல்லி முடிக்கும். வார்த்தை இல்லை, ஆனால் கேட்டவர்களுக்கு வார்த்தை கேட்டது. 'சின்ன வில்லியும் அவருடைய பேசும் கிடாரும்' என்றே பெயர் பரவிற்று. அந்த இசைத்தட்டுகளை நான் முதன்முறை கேட்டபோது, பின்பாட்டுக்கு இன்னொருவர் இருக்கிறார் என்றே எண்ணினேன்.

தந்தியை வழுக்கி வாசித்துச் செபம் சொன்னவர்களில் இவரே முதல்வர் என்று எண்ணிவிடாதீர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் கண் பார்வையற்ற வில்லி ஜான்சன் என்பவர் 1927 முதல் 1930 வரை பதிவு செய்த பக்திப் பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சொற்களே இல்லை, முனகலும் கிடாரும் மட்டுமே. அதை 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் சேர்த்து விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் தனி மனிதர். வில்லி ஈசனுக்கோ பின்னால் ஒரு சபையே இருந்தது, அதனால்தான் அவர் வாசிப்பு ஒரு பரம்பரையாகத் தழைத்தது.

1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இளைஞர் வில்லி பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, சபையின் ஆயர் ஒருவரோடு ஊர் ஊராகச் சென்ற நற்செய்திக் குழுவில் சேர்ந்தார். புளோரிடா வரைக்கும் போனார்கள். பிறகு அந்தக் குழுவை விட்டுப் பிரிந்து தனியே தெருமுனைக்கு வந்தார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் தனிப் பாசம் வந்தது. கடைவீதி மூலையில் ஒலிபெருக்கியை வைத்து, மடியில் கிடாரைப் போட்டு வாசிக்கத் தொடங்குவாராம். கூட்டம் சேரும், காசு விழும். 1940-களின் பிற்பகுதியில் இசைத்தட்டுகளும் வெளிவந்தன. ஆயினும் கோவிலின் உள்ளே அவருக்கு நிலையான நாற்காலி என்று ஒன்று அமையவில்லை. தெருவிலே காசு வாங்குகிறவன் என்ற பார்வை எந்தச் சபையிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. பின்னாளில் புளோரிடாவில் இறைச்சி வாட்டி விற்கும் உணவுக் கடை நடத்திப் பிழைத்தார்.

ஆனால் அவர் வாசித்துச் சென்ற ஊர்களிலெல்லாம் சிறுவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புளோரிடாவில் ஒக்காலா என்ற ஊர். அங்கே நெல்சன் என்ற ஆயருடைய மகன் ஹென்றி, 1929-இல் பிறந்தவன். வில்லி வந்து வாசித்ததைக் கேட்டதும் அந்தப் பையனுக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. வில்லி அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையும் ஆனார், ஹென்றியின் அக்காளை மணந்தார். அத்தான் ஒற்றைத் தந்தியில் பேச வைத்ததை, மைத்துனன் வாங்கித் தாளத்தையும் மீட்டலையும் சேர்த்தான். பிற்காலத்தில் நாஷ்வில் பொது மாநாட்டில் ஹென்றி நெல்சன் வாசித்த முறையே அந்தக் கிளை முழுவதற்கும் வழக்கமாக நிலைத்தது. அவருடைய மகன் ஆப்ரி கெண்ட் போதகராகவும் ஸ்டீல் கிடார்க்காரராகவும் இருப்பவர். தகப்பன் வித்தை மகனுக்கு வருவது நமக்குப் புதிதா என்ன?

வழிபாட்டில் இந்த வாத்தியக்காரர் செய்வது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாடகர் குழுப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேளுங்கள்.

அவர் எதிரே தாள் கிடையாது. இன்ன நேரத்தில் இன்ன பாட்டு என்ற பட்டியலும் அவர் கையில் இல்லை. கண் முழுவதும் பிரசங்கியார் மேல். பிரசங்கியார் ஒரு வாக்கியத்தைச் சொல்லி மூச்சு வாங்குவார். அந்த ஒரு மூச்சு இடைவெளியில் கிடார் ஒரு வார்த்தை பதில் சொல்லும். அடுத்த வாக்கியம் தொடங்குமுன் அது அடங்கிவிட வேண்டும். பிரசங்கியார் குரல் ஏற ஏறக் கிடாரும் ஏறும். ஒருவர் எழுந்து கண்ணீரோடு சாட்சி சொன்னால் அவர் குரலின் சுருதியைத் தேடிப் பிடித்து அடியில் மெல்ல நிற்கும். காணிக்கைக்கு மக்கள் நடந்து வரும்போது நடைக்குத் தாளம் கொடுக்கும். ஆவியின் மகிழ்ச்சியில் சனங்கள் எழுந்து ஆடத் தொடங்கினால், மேளமும் கைத்தாளமும் சேர்ந்துகொள்ள, அவர்கள் ஓயும் வரை கிடாரும் ஓயக் கூடாது. அரை மணி நேரம் போனாலும் சரி. யாருடைய காலாவது தளர்வதைப் பார்த்தால், அவர் உட்காருவதற்கு ஏற்றாற்போல வேகத்தை இறக்க வேண்டும். நமது திருப்பலியின் முறை வேறு, அதன் அமைதி வேறு. அதை மாற்றச் சொல்லி நான் இங்கே வரவில்லை. ஆனால் சனங்களின் முகத்தைப் பார்த்து வாசிப்பது என்றால் என்ன என்பதை நான் இத்தனை வயதுக்கு மேல் அந்த மனிதர்களிடம்தான் படித்தேன். ஆர்மோனியத்தின் மேல் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் நான்.

அங்கே பையன்கள் பாடம் படிக்கும் விதமும் தனி. நாலைந்து வயதில் மேளத்தின் பின்னால் உட்கார வைப்பார்கள். பிறகு பேஸ் கிடார். எல்லாரும் எப்படிச் சேருகிறார்கள் என்பது காதில் ஏறிய பின்புதான் ஸ்டீல் கிடார் பக்கம் வருவான். பெரியவருக்குக் கை வலித்தால் சற்று நேரம் வாசிக்க விடுவார்கள். வாசித்தவர்களில் பெரும்பாலோர் வார நாட்களில் வேறு வேலை பார்த்தவர்கள். கால்வின் குக் என்ற புகழ் பெற்ற வாசிப்பாளர் டெட்ராய்ட்டில் கார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். பின்னர் காலால் மிதித்துச் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீல் என்ற பெரிய வாத்தியமும் கோவில்களுக்குள் வந்தது. அதை வாசிக்கும் சக் காம்பெல் என்பவருக்கு 2004-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது.

இவ்வளவு நடந்தும், அறுபது ஆண்டுகளாக வெளியுலகத்துக்கு ஏறக்குறைய எதுவுமே தெரியாது. 1990-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஸ்டோன் என்ற நாட்டார் கலை ஆய்வாளர், புளோரிடாவில் இசைக்கருவிக் கடை வழியாகக் கேள்விப்பட்டு, இந்தக் கோவில்களைத் தேடிப் போனார். அவர் பதிவு செய்தவற்றை ஆர்ஹூலி நிறுவனம் 1997-இல் 'சேக்ரட் ஸ்டீல்' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டது. அதற்குப் பிறகு வயதான வில்லி ஈசனையும் தேடி வந்து மேடையில் உட்கார வைத்தார்கள். தெருமுனையில் வாசித்தவர் தம் எழுபது வயதுக்கு மேல் இசை விழாக்களில் வாசித்தார். 2005-இல் காலமானார்.

புகழ் வந்ததும் சண்டையும் வந்தது. 1977-இல் பிறந்த ராபர்ட் ராண்டால்ஃப் என்ற நியூஜெர்சி இளைஞர் அந்தச் சபையின் கோவிலில் வளர்ந்தவர். 2000-ஆம் ஆண்டு புளோரிடாவில் கூடிய முதல் ஸ்டீல் கிடார் மாநாட்டில் வாசித்துக் கூட்டத்தை எழுப்பி நிறுத்தினார். சீக்கிரமே இரவு விடுதிகளிலும் பெரிய அரங்குகளிலும் வாசிக்கப் போனார். கடவுளுக்குக் கொடுத்ததைக் குடிப்பவர்கள் நடுவே வாசிக்கலாமா என்று சபைக்குள் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களை நான் பழிக்க மாட்டேன். தங்கள் பிள்ளை கை நழுவிப் போகிறானே என்ற பயம் அது. ஆனால் அந்தப் பயம் எந்த வழியில் பேசும் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒரு முறை அது என் வாயால் பேசிற்று.

இனி என் குற்றம். 1986-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்கம் நடந்துகொண்டிருந்தது. நம் குழுவில் பாடிக்கொண்டிருந்த ஒரு பையன், பதினாறு வயதிருக்கும், கடன் வாங்கிய ஒரு மின்சாரக் கிடாரோடு வந்து நின்றான். "சார், நானும் கூட வாசிக்கட்டுமா?" என்று கேட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இது கோவில் தம்பி, கலியாணக் கச்சேரி இல்லை" என்று சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கிடாரை உறையில் போட்டான். இரண்டு வாரம் பாட வந்தான், பிறகு வரவில்லை.

அப்போது என் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைத்தேன். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் சங்கத் தந்தையர் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், குழல் ஆர்கனைப் பெரிதும் போற்ற வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பங்குத்தந்தையிடமே எடுத்துக் காட்டினேன். வழிபாட்டுக்குத் தகுந்த பிற வாத்தியங்களையும் உரிய அனுமதியோடு ஏற்கலாம் என்று அதே பத்தியில் அடுத்து எழுதியிருப்பதை நான் வாசிக்காமல் விட்டேன். நம் கோவிலில் குழல் ஆர்கனும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பையன் பிற்பாடு ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து ஊர்த் திருவிழாக்களிலே வாசித்தான் என்று கேள்விப்பட்டேன். சில வருஷம் கழித்து அவன் தாயாரின் அடக்கப் பூசை. நான்தான் பெட்டி. பாட்டின் நடுவே திரும்பிப் பார்த்தபோது, பெஞ்சின் விளிம்பில் அவன் இடது கை விரல்கள் நான் வாசித்த சுரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தன. பூசை முடிந்து ஆறுதல் சொல்லக் கை கொடுத்தேனே தவிர, வேறு ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் என் அக்காள் மகன் அமெரிக்காவிலிருந்து அந்த இசைத்தட்டைக் கொண்டு வந்து கொடுத்தான். வில்லி ஈசன் கதையை அவன் சொல்லச் சொல்ல, எனக்கு ஒக்காலாவும் தெரியவில்லை, பிலடெல்பியாவும் தெரியவில்லை. உறைக்குள் கிடாரைப் போட்ட பையன்தான் தெரிந்தான். பொன்விழா அறிவிப்பு வந்ததும் அவர் வீட்டு விலாசம் விசாரித்துப் போனேன். தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் பழைய பேச்சைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதையா இன்னும் வைத்திருக்கிறீர்கள் சார்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இப்போது விரல் மடங்கவில்லை. என் மகன் வாசிப்பான். கூப்பிட்டால் வருவான், ஆனால் அவனிடம் யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது" என்றார்.

பங்குத்தந்தை அவர்கள் உடனே இசைந்தார்கள். பையன் ஆறு வாரமாகப் பாட்டுப் பழக்கத்துக்கு வருகிறான். முதல் வாரம் நம் குழுவை விட வேகமாக ஓடினான். குழு திணறியது. நான் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாடுகிறவர்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். இப்போது பார்க்கிறான். நானும் அவனோடு சேர்ந்து பார்க்கிறேன்.

அதோ, அவன் தந்திகளைச் சுருதி கூட்டி முடித்துவிட்டான் போலிருக்கிறது. அவனுடைய தகப்பனார் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பாட்டு தொடங்கட்டும்.